பையன் வந்துட்டானா

அண்ணன் மரத்திலிருந்து விழுந்தது மிளகு பறிக்கும் பருவத்தில். மஞ்சக்குட்டைக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டில் அவனுக்கு வேலை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சி வரை படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிப்பார்கள். முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. பட்டை வழுக்கும் என்று மற்றவர்கள் கீழ்க்கொடிகளைப் பறித்துக்கொண்டிருந்தபோது அவன் மேலே போயிருக்கிறான்.

நான் அப்போது ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தேன். எஸ்டேட் ஜீப் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "உங்கண்ணனுக்கு அடிபட்டிருக்குதுங்க, வாங்க போலாம்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அண்ணனை அடக்கம் செய்தோம். அம்மா அன்றைக்கு எல்லா அம்மாக்களையும் போலத்தான் அழுதாள். பெட்டிக்குள் கையை விட்டு அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்தபோது "ஆமென்" கூடச் சரியாகச் சொன்னாள். எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம், அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பையன் வந்துட்டானா? கஞ்சி ஆறிப் போவுது."

அம்மாவுக்கு மறதி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். தண்ணீர்க் குழாய்க்குப் போனவள் வழி தெரியாமல், எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளில் அடுத்த லைன் வீட்டு வாசலில் நிற்பாள். அண்ணன்தான் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினான். இது மூளை தேய்கிற வியாதி, போகப் போகக் கூடும், மருந்தில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் மலையேறி வரும்போது, கூடப் போயிருந்த என்னிடம் அண்ணன், "நாம இத்தன பேரு இருக்கறம், பாத்துக்கலாம் உடு" என்றான். இத்தனை பேர் என்றால் அவன், அண்ணி, நான். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி இரண்டு கண்ணும் போய் வருடங்களாகியிருந்தன. காப்பிக் களத்தில் வாட்ச்மேனாக இருந்தவர், கட்டிலுக்கும் வாசலுக்கும் சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு அம்மா கேட்டதற்கு அப்பாதான் பதில் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. களைத்துப் போய்ச் சொன்னார்.

"அவன் செத்துட்டான்டி. மண்ணு போட்டுட்டு வந்தமே, மறந்துட்டயா?"

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவளுக்கு அது அப்போதுதான் நடந்தது. எப்ப, எங்க, யாரு கூட இருந்தாங்க என்று முதலில் இருந்து கேட்டாள். தலையைச் சுவரில் மோதினாள். அண்ணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். மறுநாள் சாயங்காலம் அம்மா மறுபடியும் கேட்டாள், "பையன் வந்துட்டானா?" மறுபடியும் அதே அலறல். ஒரு பிள்ளையை அவள் எத்தனை தரம் பறிகொடுப்பது? ஒரு வாரத்துக்குள் எங்கள் நான்கு பேருக்கும் உயிர் இருந்ததே தவிர வேறெதுவும் இல்லை.

பொய் சொல்லலாம் என்று முடிவெடுத்தது அண்ணிதான். அம்மா கேட்க வாயெடுத்ததும், "மாரமங்கலத்துக்கு மிளகு பறிக்கப் போயிருக்காருங்க அத்தை. பஸ்ஸ உட்டுட்டாராம். நாளைக்கு வந்துருவாரு" என்றாள். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "அங்க நொம்பக் குளுரும். கம்பளி எடுத்துட்டுப் போனானா?" என்றாள். "எடுத்துட்டுத்தானுங்க போனாரு" என்றாள் அண்ணி. அவன் கம்பளியைத்தான் பெட்டிக்குள் அவன் மேல் போர்த்தி அனுப்பியிருந்தோம்.

அம்மா கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அண்ணி விறகுக் கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு விறகின் மேல் குப்புறக் கிடந்தாள்.

கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை. குழந்தையும் இல்லை. அவளுடைய அப்பா சேலத்துப் பக்கமிருந்து மலையேறி வந்து, "வா சாமி, நம்ம ஊட்டுக்குப் போலாம். இங்க இருந்து என்ன பண்ணப் போற?" என்று கெஞ்சினார். நான் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் தப்பென்று சொல்ல எனக்கு என்ன இருந்தது? எஸ்டேட்டில் ஆள் இருந்தால்தான் லைன் வீடு. அண்ணன் பெயருக்குப் பதிலாக அண்ணியின் பெயரை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பதிந்திருந்தார். அவள் போனால் வீடும் போகும்.

"இவங்கள உட்டுட்டு நான் எங்கப்பா வர்றது? அந்தப் புள்ள ஒருத்தி என்ன பண்ணுவா?" என்றாள் அண்ணி. அந்தப் புள்ள என்றது என்னைத்தான். அவர் அழுதுகொண்டே ஜீப் ஏறினார்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அண்ணி காலையில் எஸ்டேட்டுக்குப் போவாள். மதியம் அவள் வந்ததும் நான் ஜீப் பிடித்து லாட்ஜுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். என் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். சாயங்காலம் அம்மாவின் கேள்விக்கு ஒரு நாள் அவள் பதில் சொல்ல வேண்டும், ஒரு நாள் நான். எனக்கு லாட்ஜிலிருந்து வர நேரமாகிவிட்ட நாளில் அவளே சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஈடுகட்டிவிடுவேன். முறை இல்லாதவர் வெளியே போய்விடலாம். கொட்டகையில் உட்காரலாம், அழலாம், சும்மா இருக்கலாம். பாத்திரம் கழுவுவதில், துணி துவைப்பதில் நாங்கள் முறை பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முறை வைத்தோம். சில நாள் அவள் முகத்தைப் பார்த்தே, "இன்னைக்கு நான் சொல்லிக்கறேன், நீங்க போங்க அண்ணி" என்பேன். என் முகம் சரியில்லாத நாளில், "நீ போ கண்ணு" என்பாள். எங்களுக்குள் இருந்த பிரியம் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள்தான் இருந்தது. வேறு ஆறுதல் சொல்லிக்கொள்ள எங்களிடம் எதுவும் இல்லை.

பொய் வளர்ந்தது. "ஏங்கண்ணு, புருசன் ஊருக்குப் போனா பூ வெக்கறதில்லையா? என்ன மூளிக் கோலம் இது?" என்று அம்மா அண்ணியைக் கேட்டாள். அன்றிலிருந்து நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ வாங்கி வந்தேன். அண்ணி வீட்டுக்குள் வந்ததும் வெள்ளைச் சேலையை மாற்றிப் பூ வைத்துக்கொள்வாள். வெளியே தண்ணீருக்குப் போகும்போது பூவை எடுத்து டம்ளரில் போட்டு வைப்பாள். ஒரு நாள் மறந்துபோய்ப் பூவோடு குழாயடிக்குப் போய்விட்டாள்; அங்கிருந்த பெண்கள் பார்த்து அவளைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் எங்கள் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை.

அப்பாவுக்கு நாங்கள் பூவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் கண் போனவருக்கு மூக்கு இருக்கிறதே. ஒரு சாயங்காலம் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு பூ வெச்சிருக்கறது?"

அம்மாதான் சிரித்துக்கொண்டே, "உங்க மருமவதான். எம் பையன் வாங்கியாந்து குடுத்திருக்கான்" என்றாள்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்ற பக்கம் வந்தார். கையை நீட்டி அவள் தலையைத் தேடினார். பூவைப் பிய்த்து எறியப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணி அசையாமல் நின்றாள். அவர் விரல்கள் பூவைத் தொட்டன. கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தன.

"ஏஞ்சாமி, உன்னைய இப்பிடி வேசங்கட்ட வெச்சுட்டமே" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அம்மா கேட்டால் சில நாள் எங்களை முந்திக்கொண்டு, "மாரமங்கலத்துல இன்னும் பறிப்பு முடியலையாம்" என்பார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் முறையில் மூன்றாவது ஆளாக வந்தவர் அவர். மூன்று பேரில் அவரைத்தான் அது அதிகமாகத் தின்றது என்று நினைக்கிறேன். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டியது. மலை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அவருக்குத்தான் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ள விருப்பமில்லை.

அவரை அடக்கம் செய்த நாளைத்தான் என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் பெட்டியை வைத்து மூடப் போனார்கள். அதுவரை உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து பெட்டி மூடியின் மேல் கை வைத்தாள்.

"பையனுக்குச் சொல்லியனுப்புனீங்களா? அவன் வராம மூடக் கூடாது."

அண்ணனைத் தூக்கிச் சுமந்தவர்கள்தான் அங்கே நின்றார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். "அவன் ஒரே பையனுங்க. அவன் வரோணும்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அன்றைக்கு யார் முறை என்று எனக்கு நினைவில்லை. அண்ணி முன்னால் போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"வந்துட்டாருங்க அத்தை. அதோ, கூட்டத்துக்குப் பின்னால நிக்கறாரு பாருங்க. மாமாவப் பாத்துட்டாரு. மூடச் சொல்லுங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் யாரைப் பார்த்தாளோ, தெரியவில்லை. தலையை ஆட்டினாள். "செரி, மூடுங்க" என்று கையை எடுத்தாள். குழாயடியில் அண்ணியைப் பற்றிப் பேசிய பெண்கள்தான் அன்றைக்கு முதலில் வெடித்து அழுதார்கள். அந்த வாரத்திலிருந்து மாற்றி மாற்றி யாராவது ஒருத்தி வந்து அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலத்தில், நான் லாட்ஜிலிருந்து திரும்பும் வரைக்கும். அவர்களும் மாரமங்கலத்துப் பொய்யைக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு என் முறை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நான்தான் தாங்க முடியாமல், "அம்மா, அண்ணன் மாரமங்கலத்துல இருந்து நாளைக்கு வருதாம்" என்றேன். "யாருங்க அது?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டாள். மகனும் போய்விட்டான், மகளும் போய்விட்டாள். அந்தக் கேள்வியை நாங்கள் எவ்வளவு வெறுத்தோம்! அது நின்ற பிறகுதான், சாயங்காலம் என்று ஒன்று வருவதே எங்களுக்குப் பயமாகப் போனது. தினமும் ஒருத்தி அவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவரை, அவன் எங்கேயோ குளிரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். இப்போது அவன் எங்கேயும் இல்லை.

மார்கழிக் குளிரில் அம்மாவும் போனாள். அண்ணன் குழிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மண் போட்டு முடிந்ததும் அண்ணி அண்ணன் குழியின் மேல் விழுந்தாள். அவன் செத்தபோது அம்மாவைப் பிடித்துக்கொண்டே இருந்தவள், அவனுக்காக வாய்விட்டு அழுததே இல்லை. மாமியாருக்காக இப்படி அழுகிறாளே என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் வியந்து பேசினார்கள். அது யாருடைய குழி என்று எனக்கும் அந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, நோவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்றாள். வேலைக்குப் போகவில்லை. நான் தலைவாரி விட்டேன், சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். "போதும் கண்ணு, என்னைய உட்டுரு" என்பாள். "அப்ப நான் எங்க போறதுங்க அண்ணி?" என்பேன். சோற்றுக்கு வாயைத் திறப்பாள். அப்படித்தான் அவள் பிழைத்தாள். எனக்காகத்தான் பிழைத்தாளே ஒழிய, அவளுக்கு வாழ ஆசை இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். எனக்கும் இருக்கவில்லை.

பிறகு எஸ்டேட் கைமாறியது, வீட்டைக் காலி செய்தோம். ஏற்காடு பஜாருக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தோம். நான் வேலை பார்த்த லாட்ஜிலேயே அண்ணிக்கும் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. என்னைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவளும் வேறு கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள்.

வருடங்கள் கழித்து ஒரு மதியம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அவரு மொகம் வரமாட்டேங்குது கண்ணு. காத்தால இருந்து நெனச்சுப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

அவளுக்கும் அம்மாவுக்கு வந்தது வந்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நெற்றி கொஞ்சம் அகலம். இடது புருவத்தில் சின்ன வயசில் விழுந்த தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். சொல்லிக்கொண்டு வரும்போதே தழும்பு இடதா வலதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நிறுத்தவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.