பம்ப் சத்தம் எட்டாத ஏரி

மார்கழிப் பனியிலும் தமயந்தியின் வீட்டில் டேபிள் ஃபேன் ஓடும். காற்றுக்காக அல்ல, சத்தத்துக்காக. ஃபேனைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார் அவள் கணவர் ராஜாங்கம். வீட்டுக்கு வந்து தங்குகிற விருந்தாளிகள் இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் கரண்டுக்குப் பஞ்சமில்லை, அதுதான் இந்த அழிச்சாட்டியம் என்று ஒரு பெரியப்பா சொல்லிவிட்டே போனார்.

விஷயம் வேறு. ராஜாங்கம் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை இரவும் பகலும் பம்புகள் உறிஞ்சி வெளியே தள்ளினால்தான் கீழே ஆட்கள் வெட்ட முடியும். பம்ப் நின்றால் தரையைப் பொத்துக்கொண்டு தண்ணீர் வந்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அப்போது அவருடைய அண்ணனே கீழேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று விழுந்த பயம், அண்ணன் ரிட்டயர் ஆகி ஊர்ப்பக்கம் போன பிறகும் போகவில்லை. சத்தம் இருந்தால் உலகம் பத்திரமாக இருக்கிறது, நின்றால் ஏதோ கெட்டுவிட்டது. அவருக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

தமயந்தி பெருமாள் ஏரிக்கரையில் பிறந்தவள். அப்பா மீன் பிடித்தார். பத்து வயதில் துடுப்புப் போடத் தெரியும் அவளுக்கு. சத்தமில்லாத தண்ணீரில் வளர்ந்தவளுக்கு சத்தம் இருந்தால் தூக்கம் வராது. அவருக்கோ இல்லாவிட்டால் வராது. பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் இந்த ஒன்றை மட்டும் கோட்டை விட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் ஃபேன் சத்தம் போதாமல் புரண்டு புரண்டு படுப்பார். ஒருநாள் அவள் முன்னறையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பழைய கால் மெஷின், கடகடவென்று ஊரைக் கூட்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் மனுஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அன்றிலிருந்து அவருடைய நைட் ஷிப்ட் வாரங்களில் தமயந்தி பகலெல்லாம் மெஷின் மிதித்தாள். துணி இருந்த நாளில் துணி தைத்தாள். இல்லாத நாளில் ஊசியைத் தூக்கிவிட்டு, நூலும் துணியும் இல்லாமல் வெறும் சக்கரத்தை ஓட்டினாள். ராஜாங்கத்துக்கு இது தெரியாது. "எங்க வூட்டுக்காரிக்கு மூச்சு விட நேரமில்லாத தையல் வேலை" என்று ஷிப்டில் பெருமை பேசிக்கொள்வார். அவளும் சொல்லவில்லை. சொன்னால் பாவம், அதற்கப்புறம் அந்தத் தூக்கமும் போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

மிதித்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். குவார்ட்டர்ஸ் மரங்களுக்கு மேலே, தூரத்தில், சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு தெரியும். மழைக்குப் பிறகு அதில் பச்சை படர்ந்து, காலை நேரத்தில் நிஜ மலை மாதிரி நீலமாக நிற்கும். கால் ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டிருக்க, மனசு அந்த நீலத்தில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். அருவி, காடு, படகு, பாறை மேல் உட்கார்ந்து சாப்பிடுகிற கட்டுச்சோறு. டிவியில் மலைப்பாதை காட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மணிமொழி இதைக் கவனித்து ஒரு தீபாவளிக்கு மலையேறுகிற ஷூ வாங்கி அனுப்பினாள். தமயந்தி அதைப் போட்டுக்கொண்டு எங்கே போனாள்? பார்க்குக்கு. மூன்று சுற்று நடந்துவிட்டு வந்து துடைத்து டப்பாவில் வைப்பாள்.

போகாமல் இல்லை. இரண்டு தடவை போனார்கள். முதல் தடவை கொல்லிமலை. ஊரெல்லாம் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. லாட்ஜில் நடுராத்திரி ஃபேன் நின்றதும் ராஜாங்கம் எழுந்து, "பம்பு டிரிப் ஆயிடுச்சி, டிரிப் ஆயிடுச்சி!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடி, மேனேஜரை எழுப்பி ஸ்டார்ட்டர் எங்கே என்று கேட்டார். பக்கத்து அறைக்காரர்கள் தீ பிடித்துவிட்டதென்று பெட்டி படுக்கையோடு இறங்கிவிட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸுக்கே திரும்ப வேண்டியதாகிவிட்டது. ஆகாய கங்கை அருவிக்குப் போகிற வழியைக் காட்டும் பலகையைத்தான் தமயந்தி பார்த்தாள்.

இரண்டாவது பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும், மரங்கள் கை கோத்துக் கூரை போட்டிருந்த இடத்தில் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். எல்லோரும் மெய்மறந்து உட்கார்ந்திருக்க, நம்மவர் மட்டும் "ஏன் நின்னுடுச்சி? ஏன் நின்னுடுச்சி?" என்று படகுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். தமயந்திக்கு அந்தத் தண்ணீரிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

இந்தத் தை மாசத்தோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். பொங்கல் முடிந்த மறுநாள், ஷூ டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு பகல். எங்க ஏரியில தோணி எடுத்துக்கினு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போலாம். எங்கப்பா என்னைப் பாதி ஏரிக்குத்தான் கூட்டிக்கினு போனாரு. மீதிய நான் பாத்ததே இல்ல. அந்த ஒரு பகல் எந்தச் சத்தமும் இல்லாம உங்களால இருக்க முடிஞ்சா, அப்புறம் மலை, காடுன்னு போலாம். முடியலன்னா இந்த ஷூவ மணிமொழிக்கே திருப்பி அனுப்பிடுறேன். இனிமே ஊரு போலாம்னு வாயைத் தொறக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "போலாம் புள்ள, போலாம்" என்றார்.

ஏரி அந்த வருஷம் நிரம்பிக் கிடந்தது. தமயந்தியின் தம்பி சக்கரபாணி ஃபைபர் தோணியைக் கரைக்கு இழுத்து வைத்திருந்தான்.

"நான் வரட்டுமா அக்கா? கை வலிக்கும்."

"நீ கடைசி மதகுல வண்டியோட நில்லு, போதும்" என்றாள். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா ஏற்கனவே தோணி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இறுகப் பிடித்திருந்தார்.

பனி இன்னும் கலையவில்லை. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. பால் காய்ச்சுகிற பாத்திரத்து ஆவி போல ஏரி மேல் வெள்ளையாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. முக்குளிப்பான் பறவை ஒன்று முங்கி, வேறெங்கேயோ எழுந்தது. தமயந்தி துடுப்பை முதல் தடவை இழுத்தபோது, கை தானாகவே பழைய கோணத்துக்குத் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் இந்தக் கை எங்கே போயிருந்தது?

கொஞ்ச தூரம் போனதும் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஏதோ அமுக்கினார் ராஜாங்கம். 'கர்ர்ர்' என்று பம்ப் ஹவுஸ் சத்தம் கிளம்பியது. மனுஷன் போன வாரம் ஷிப்டில் உட்கார்ந்து அதைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்! பனிக்குள்ளிருந்து ஒரு கூழைக்கடாப் பறவைக் கூட்டம் படபடத்துக்கொண்டு எழுந்தது.

"சும்மா... கொஞ்சம் பழகுற வரைக்கும்" என்றார்.

தமயந்தி துடுப்பை இழுத்தாள். அல்லிக்கொடிகளுக்கு நடுவே, சுரங்கத்து பம்ப் இரைச்சலோடு அவர்களுடைய தோணி போயிற்று. ஊரில் யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு உல்லாசப் பயணம்?

வெயில் வந்து, பனி கரைந்து, ஏரி நீலமாக விரிந்த நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்தது. சத்தம் பட்டென்று அறுந்தது.

ராஜாங்கம் எழுந்தே விட்டார். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே அடித்தது.

"உக்காருங்க! உக்காருங்க சொல்றேன்!"

உட்கார்ந்தார். செத்துப்போன போனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், துடுப்பை இழுக்கும்போதெல்லாம் அதன் கட்டையைத் தோணி விளிம்பில் தட்டினாள். டொக். தண்ணீர் சளக். டொக். சளக். அவருடைய தோள் மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தோணியில் கிடந்த சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

நீர்க்காகம் ஒன்று பட்டுப்போன கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. பார்க்கலாமென்று துடுப்பை நிறுத்தினாள்.

"ஏன் நின்னுடுச்சி?" என்றது துண்டு.

மறுபடி தட்டினாள். டொக், சளக்.

அந்தக் கருவேல மரத்திட்டுதான் பாதி ஏரி. அப்பா இங்கேதான் தோணியைத் திருப்புவார். அதைத் தாண்டும்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பக்கம் தண்ணீர் இன்னும் அகலமாக, இன்னும் மெதுவாக இருந்தது. மேகம் தண்ணீருக்குள் நடந்து போயிற்று. தோணி அதன்மேல் ஏறிப் போகிற மாதிரி இருந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. பெயர் தெரியாத சின்னப் பறவைகள் கூட்டமாகத் திரும்பியபோது எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளியாக மின்னின. இதை, சத்தமே இல்லாமல், ஒரு நிமிஷம் பார்த்துவிட வேண்டும். துடுப்பை மடியில் வைத்தாள்.

"ஏன் நின்னுடுச்சி?"

பிடித்த துடுப்பை அப்படியே தண்ணீரில் எறிந்துவிடலாம் போல் ஆத்திரம் பொங்கியது. எறியவில்லை. தட்டினாள், இழுத்தாள், தட்டினாள். துண்டுக்கு அடியில் குறட்டை மாதிரி ஏதோ கேட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, ஏரியிடம் சொல்லுகிற மாதிரி அவள் பேசினாள்.

"வூட்லதான் மெஷினுன்னா எங்கப்பன் ஏரியிலயுமா? இவரு தூங்கணும்னு வருசக்கணக்கா மிதிச்சேன். துணி இருந்தாலும் மிதிச்சேன், இல்லன்னாலும் மிதிச்சேன். வெறும் சக்கரத்த மிதிச்சிக்கினு கெடந்தேன். கால்தான் போச்சு, இப்ப கையும் போவட்டும்."

சொன்னதும் மனசு லேசாகவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் சத்தம் நின்றுவிடும். ஷூவை இன்றைக்கே பொட்டலம் கட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். இவர் அமைதியிலா இருந்தார்? அவள் முதுகொடியப் பண்ணின சத்தத்தில் அல்லவா இருந்தார்?

கடைசி மதகு தெரிந்தபோது உச்சி வெயில். கரையில் சக்கரபாணியின் வண்டி பொம்மை மாதிரி நின்றது. தமயந்தியின் தோள் மரத்துப்போய்விட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மனசு சொன்னாலும் கை கேட்கவில்லை. துடுப்பு தோணிக்குள் விழுந்தது.

அவள் காத்திருந்தாள். துண்டிலிருந்து கேள்வி வரவில்லை.

தோணி தானாகக் கொஞ்சம் ஊர்ந்து நின்றது. தண்ணீர் அடங்கியது. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. வயிற்றுக்குள் பிள்ளையாக இருந்தபோது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது அவளுக்கு. ஒரு தும்பி வந்து துடுப்பின் நுனியில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. எத்தனை நாள் ஆசை!

திடீரென்று அவளுக்குப் பகீரென்றது. சத்தம் நின்று இவ்வளவு நேரம் இவர் எழாமல் இருந்ததே இல்லை. மூச்சு? அமைதி எப்படிப்பட்ட பயம் என்று தமயந்திக்கு முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். தோணி ஆட ஆட நகர்ந்து போய், துண்டை இழுத்தாள்.

ராஜாங்கம் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பல்லைக் கடித்திருந்தார். இரண்டு கையும் தோணியின் சட்டத்தை, விரல் வெளுக்கும்படி பிடித்திருந்தன.

"தூங்கலியா நீங்க?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

அவர் மேலே வானத்தைப் பார்த்தபடியே, "துணி இல்லாமயா மிதிச்ச தமயந்தி?" என்றார்.

அவள் துண்டால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"எத்தினி நேரம் வேணுமோ அத்தினி நேரம் கேளு. நான் இருக்கேன். பேசாத... கேளு."

இந்தத் தடவை எழவில்லை அவர். தமயந்தி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சட்டத்திலிருந்து ஒரு கையைப் பிரித்தெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை பிடித்த பிடியில் அவள் வளையல் அழுந்தி வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தாள். கரையில் சக்கரபாணி கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் திரும்பாததால் வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். தும்பி பறந்து போய் மறுபடி வந்தது.

நெடுநேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அந்த ஷூவுக்கு லேஸ் நைஞ்சு போச்சுங்க. போற வழியில வடலூர்ல வாங்கிக்கலாம்."

"உம். எனக்கும் ஒரு ஜோடி பாக்கணும்" என்றார் ராஜாங்கம், கண்ணை இறுக மூடியபடி.