மதியம் ஒன்றரை மணிக்கு மாறிய புள்ளிகள்

போன வாரம் என் மடிக்கணினி திணற ஆரம்பித்தது. லினக்ஸைப் புதிதாக நிறுவிவிடலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். மூன்றாவது திரையிலோ நான்காவது திரையிலோ அது கேட்டது: வட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு நிறுவவா, பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவவா? சாதாரணக் கேள்விதான். ஆனால் அது வரும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, ஒருமுறை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கணினியின் விசிறி வேகமெடுத்ததும் சூடேறிய தூசி வாசனை வந்தது. இந்த வாசனை என்னைக் கேட்காமலே கையைப் பிடித்து அன்வர் பாய் கடை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்து. கீழே பாயின் ஜரிகைக் கடை, மேலே ஒரே ஒரு அறை. சேலையில் வரும் புட்டா உருவங்களையும் கரையையும் கணினியில் வரைந்து, அதன்படி தறிக்கு வேண்டிய அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை நான் வரைவேன். இரண்டு மணிக்குத் தாமல் கிராமத்திலிருந்து சாமுவேல் வந்து, நான் வரைந்ததை அட்டையில் துளைப்பான். ஒரே கணினி, ஒரே நாற்காலி. நாற்காலியின் உயரத்தை அவன் தினமும் ஏற்றுவான், நான் தினமும் இறக்குவேன்.

அதனால் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது குறைவு. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "இன்னா மேடம், சாப்டியா?" என்பான். அவனுக்கும் என் வயதுதான். மேடம் என்பது முழுக்க முழுக்கக் கிண்டல். நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்று தெருவுக்கே தெரியும். இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

என் தலைக்கனத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு கட்டம் என்றால் சேலையில் ஓர் இழை. குறுக்கே ஓடும் ஊடை நூலை இடையிடையே புள்ளி வைத்துப் பிடிக்காமல் நீளமாக விட்டுவிட்டால், அது சேலையின் மேல் தொளதொளவென்று மிதக்கும். வளையல் பட்டால் போதும், இழுத்துக்கொண்டு வந்துவிடும். மற்ற கடை டிசைன்களில் இது அடிக்கடி நடக்கும். என் டிசைனில் ஒருமுறைகூட நடந்ததில்லை. "என் கை பட்டா ஒரு நூல் தூக்காது" என்று பாயிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கணினிக்கு லினக்ஸ் போட்டது சாமுதான். ஊரில் இருக்கிற பென் டிரைவெல்லாம் எங்கள் கணினியில் ஏறி இறங்கி, வாரத்துக்கு ஒரு வைரஸ் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு குறுந்தகடு கொண்டுவந்து போட்டான். ஓசியில் வந்தது என்று கேட்டதும் பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "காசு வாங்காம எவன்பா குடுப்பான்? உள்ள இன்னா வெச்சிக்கிறானோ" என்றார். துளை போடும் இயந்திரம் ஒரு வாரம் மக்கர் பண்ணியது. சாமு விடவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் முடிந்தால் நெசவாளர்கள் அதை ஒட்ட அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனியை வால் மாதிரி விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைப்பார்கள். பிறகு இழுத்தால் புதுசு தானாக உள்ளே ஏறிவிடும். சாமு கணினிக்கும் அதையே செய்தான். பழைய அமைப்புகளையெல்லாம் கட்டி ஒரு குறுந்தகட்டில் போட்டு, மேலே 'வால்' என்று எழுதிவைத்தான். "எத்தினி வாட்டி புச்சா போட்டாலும் மொதல்ல இந்த வால ஓட வுடு மேடம். எல்லாம் தானா கோத்துக்கும்." நானும் அப்படியே செய்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு மாசி மாதம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். அதுவரை துளை போடும் வேலை நின்று கிடந்தது. தாமல் ஏரிக்கரை ஓரமாகக் கல்லறைக்கு நடந்து போனோம். திரும்பி வந்து மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தால், அது அவன் உயரத்திலேயே இருந்தது. இறக்கிக்கொண்டேன்.

அதிலிருந்து இரண்டு வேலையும் என் தலையில். காலையில் வரைவேன். ஒரு மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு வந்து துளை போடுவேன். முதல் நாள் அன்னப்பட்சி புட்டா ஒன்று வரைந்திருந்தேன். சாப்பிட்டு வந்து திறந்தால் அன்னத்தின் வாலில் நான் வைக்காத புள்ளிகள் இருந்தன. அசதி என்று நினைத்து அழித்தேன். மறுநாள் கரையில். அதற்கடுத்த நாள் மாங்காய் உருவத்துக்குள். கோப்பின் விவரத்தைப் பார்த்தேன். கடைசியாக மாறிய நேரம் ஒன்றரை மணி. கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. சாமு என்று இருந்தது.

எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவைத்தேன். வெளியே நல்ல வெயில்.

பாயிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய கல்யாணச் சேலை ஆர்டர் வந்திருந்தது. அவர் மெதுவாகத்தான் கேட்டார். "சாவி யார் கிட்டயாச்சும் குடுத்துக்கினு இருக்கியாமா?"

"இல்ல பாய்."

"பூட்டின ரூமுல யாரு வந்து குந்தறது அப்போ? உன்ன நம்பித்தான் சாவி குடுத்துக்கிறேன். இந்தக் கல்யாண டிசைன்ல ஒரு புள்ளி மாறிச்சின்னாலும் நான் வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்."

வேலை போவதைவிடக் கள்ளி என்ற பெயரோடு போவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா திருநீறு மடித்துக் கொடுத்தாள். பாய் தர்காவிலிருந்து தாயத்து ஒன்று வாங்கிவந்து திரையின் பின்னால் கட்டினார். இரண்டு பக்கத்துக் காவலும் போட்டும் மறுநாள் ஒன்றரைக்குப் புள்ளிகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

சரி, மொத்தமாக அழித்துவிடலாம் என்று, டிசைன் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, வட்டைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவினேன். இனி சாமு என்ற பெயரே அதில் கிடையாது. மறுநாள் தெம்பாக வரைந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புள்ளிகள். உரிமையாளர், சாமு.

அதற்கடுத்த நாள் சாப்பிடப் போகவில்லை. கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு திரை எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணிக்குத் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். நாளெல்லாம் சத்தத்தில் இருந்த காதுக்கு அந்த அமைதி கூசும். ஒன்றரை ஆயிற்று. கணினியின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது. உள்ளே வட்டு கரகரத்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. கோப்பை மூடித் திறந்தேன். புள்ளிகள் வந்துவிட்டிருந்தன. அந்த நொடியில் என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் எடுத்தேன். சாமுவின் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நிரலின் பெயர், மேடம்.

திறந்து படித்தேன். நீளமாக மிதக்கும் நூலைத் தேடிப் பிடித்து, நடுவில் புள்ளி வைக்கிற சின்ன நிரல். அவன் வருவதற்கு அரைமணி முன்னால் தினமும் ஓடும்படி வைத்திருந்தான். வட்டைத் துடைத்த அன்று, பழக்க தோஷத்தில் 'வால்' தகட்டை ஓடவிட்டு, அவனை நானே உள்ளே அழைத்து வந்திருக்கிறேன். நிரலின் தலையில் அவனுக்காக அவனே எழுதிக்கொண்ட குறிப்பு இருந்தது: "பதினோரு மணிக்கு மேல மேடத்துக்குப் பசி வந்துடும். அவசரத்துல நூல நீட்டி வுட்டுடும். சொன்னா ரெண்டு நாள் பேசாது. அதுக்கு இதே தேவல."

டிசைன் கோப்புகளுக்கு நடுவிலேயே இன்னொரு கோப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலிருந்து, திருத்திய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அவனைப் புதைத்த நாளுக்கு மட்டும் வரி இல்லை. அன்று கடை மூடியிருந்தது. மறுநாளிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என் கை பட்டால் நூல் தூக்காது என்று நான் பீற்றிக்கொண்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மதியம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்திருப்பான் அல்லவா? நிரலை அழித்தேன். அந்தப் பட்டியலை அழித்தேன். சாமு என்ற பெயரையும் எடுத்தேன். 'வால்' தகட்டை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டேன். கல்யாண டிசைனில் அவன் வைத்த புள்ளிகளை ஒன்று விடாமல் நீக்கிவிட்டு, முழுக்க என் டிசைனாகத் துளை போட்டுக் கொடுத்தேன்.

கீழே போய், "சரி ஆயிடுச்சி பாய்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "போய்ட்டானா?" என்று கேட்டார்.

"போய்ட்டான் பாய்."

உள்ளங்கைகளை ஏந்தி ஏதோ ஓதினார். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் என் பவுசு என்ன ஆவது?

கல்யாணம் முடிந்த கையோடு சேலை திரும்பி வந்தது. மணப்பெண்ணின் வளையல் மாட்டி முந்தானையில் அன்னத்தின் வால் நூல்நூலாக இழுத்துக்கொண்டு தொங்கியது. பாய் திட்டவில்லை. விரலால் அந்த நூலைத் தடவிவிட்டு, "சாமு இருந்தா பாத்துக்கினு இருப்பான்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மாதான் சொன்னார். நான் மாடிக்குப் போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அது எப்போதோ காலியாகியிருந்தது.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். பாய் இல்லை. நான் வீட்டிலிருந்தே வரைகிறேன். அதே மாதிரி ஒரு நிரலை நானும் எழுதிப் பார்த்தேன். புள்ளி வைக்கிறது, ஆனால் நான் ஓடவிட்டால்தான் ஓடுகிறது. போன வாரம் திரையில் வந்த கேள்விக்கு, பழையதை வைத்துக்கொள் என்றுதான் பதில் கொடுத்தேன். அதில் அவனுடையது ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒரு புட்டா வரைந்தேன். பதினோரு மணிக்கு மேல் பசி வந்தது. ஒரு நூலை வேண்டுமென்றே நீளமாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு மணிக்கு வந்து திறந்து பார்த்தேன். விட்டது விட்டபடியே இருந்தது.