குண்டனின் தடித்த இருதயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுப் பூனை குண்டன், நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். விலா ஏறி ஏறி இறங்கியது.

நாய் அப்படிச் செய்தால் வெயில் என்று விட்டுவிடலாம். பூனை செய்தால் ஆபத்து. இது எனக்கு அன்று தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் யாருக்குமே தெரியாது.

பக்கத்து வீட்டு கமலா அக்கா தைல பாட்டிலோடு வந்துவிட்டார். அதே மின்யாக் அங்கின்தான். நம் வீடுகளில் எதற்குத்தான் அதைத் தேய்ப்பதில்லை? தலைவலிக்குத் தைலம். வயிற்று வலிக்குத் தைலம். பஸ்ஸில் வாந்தி வந்தால்... அதற்கும் தைலம்.

"காத்து அடைச்சிருக்கும்மா. நெஞ்சுல தேய்ச்சு விடு, சரியாயிடும்" என்றார்.

நானும் கையை நீட்டினேன். தைல வாசனை பட்டதும் குண்டன் எழுந்து ஓடப் பார்த்தான். முடியவில்லை. பின்னங்கால் மடங்கி அப்படியே படுத்துவிட்டான். அவனைக் கூடையில் போட்டு டாக்ஸி பிடித்தேன்.

மிருக வைத்தியர் ஒரு சீனப் பெண்மணி. முதலில் ஆக்ஸிஜன் வைத்தார். பிறகு நெஞ்சில் தேங்கியிருந்த நீரை ஊசியால் எடுத்தார். அவன் மூச்சு அடங்கிய பிறகுதான் ஸ்கேன். இருதயத்தின் தசைச் சுவர் தடித்துப்போயிருக்கிறதாம். சுவர் தடித்தால் உள்ளே ரத்தம் நிறைய இடம் ஏது?

தைலம் தேய்த்திருந்தால் என்று இழுத்தேன். பூனை அதை நக்கியிருக்கும், பூனைக்கு அது விஷம், நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்றார். பூசி மெழுகத் தெரியாத மனுஷி. எனக்குப் பிடித்துப்போனது.

நோய் குணமாகாது. மாத்திரையில் வண்டி ஓடும். எவ்வளவு காலம்? அவருக்கும் தெரியாது.

போன வாரம் கிள்ளானிலிருந்து அண்ணன் வந்தார். குண்டனைத் துண்டில் சுற்றி, வாயைத் திறந்து நான் மாத்திரை போடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"பூனைக்கு ஹார்ட் மருந்தா? எப்படியும் போகப்போவுது. ஊசி போட்டு முடிச்சிடு லா."

அண்ணனே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இன்றும் சட்டைப் பையில் மாத்திரையோடு திரிகிறவர்.

"நீங்களும் எப்படியும் போகத்தான் போறீங்க, அண்ணே. அதுக்காக அண்ணி உங்க மாத்திரைய லோங்காங் சாக்கடையில கொட்டிட்டாங்களா?"

அண்ணன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கோபம்தான். இருக்கட்டும்.

'எப்படியும் போகப்போகிறது' — எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! அதுவும் வாயில்லாத உயிர் என்றால் இன்னும் சுலபம். வலியில் துடித்தால் அந்த ஊசிக்கு நானே அவனைத் தூக்கிக்கொண்டு போவேன். யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இன்று அவன் சாப்பிடுகிறான். ஜன்னலில் ஏறிப் புறாவை முறைக்கிறான். வாழ ஆசைப்படுகிறவனுக்கு எதற்கு ஊசி?

இன்று காலை மாத்திரை போடும்போது என் விரலைக் கடித்துவிட்டான். நல்ல கடி. ரத்தமே வந்துவிட்டது.

கடிக்கத் தெம்பு இருக்கிறது. எனக்கு அது போதும்.