ஊசி போட்டதும் உட்காரவைத்தவர்

மஸ்கட் வேலைக்குக் கிளம்பிய எனக்கு, ஜவ்வாது மலை ஆஸ்பத்திரியில் காலரா ஊசி போட்டவர் ஓர் ஒல்லியான நர்ஸம்மா. ஊசி போட்டுக்கொண்ட யாரையும் அவர் உடனே வெளியே விடமாட்டார். பெஞ்சில் உட்காரவைத்து, வாசலை மறித்து நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

"வாணியம்பாடில ரயிலப் புடிக்கணும்மா, வுடுங்க."

"பஸ்சு போவட்டும். ஒக்காருங்க."

பஸ் போய்விட்டது. கோபமாக எழுந்தேன். அப்போதுதான் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு திணறியது. அவர் ஓடிவந்து என்னைப் படுக்கவைத்து வேறோர் ஊசி போட்டார்.

மூச்சு சீரானதும், "பஸ்ல போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரு அப்டிதான் போனாரு," என்றார். பஸ் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒருவர் அவருக்கு யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மஸ்கட்டில் எத்தனையோ நாள் அதை யோசித்திருக்கிறேன்.