நாற்றம் போன தண்ணீர்

அக்காவின் மகனுக்கு இப்போது ஐந்து வயது. என்னைக் கண்டதும் ஓடி வருவான். நான் முதலில் பார்ப்பது அவன் உதடுகளை. நிறம் சரியாக இருக்கிறது என்று மனம் ஒப்பிய பிறகுதான் தூக்குவேன். மருமகன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்று வீட்டில் பேச்சு. பாசமில்லை அது, பயம்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவே. பிரசவத்துக்காக அக்கா வந்திருந்த வருடம், கிணற்றில் டீசல் நாற்றம் தொடங்கியது. மேட்டிலிருந்த வண்டிப் பட்டறையின் கழிவெண்ணெய் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைத் தொட்டுவிட்டது. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம்.

நான் மாநில எல்லைக்கு அப்புறம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளன். மின்பொறியில் உண்டாகும் பிளாஸ்மாவைக் கொண்டு தண்ணீரிலுள்ள மாசை அழிப்பது அங்கே ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி. கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதற்குள் காற்றுக் குமிழ்கள், இரண்டு கம்பிகளுக்கிடையே உயர் மின்னழுத்தம். ஊதா வெளிச்சம் துடிக்கும். சின்ன மின்னல் என்றே வைத்துக்கொள்ளலாம். சாயத் தண்ணீரை விட்டால் சற்று நேரத்தில் வெளிறிவிடும். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை அப்படி எத்தனையோ முறை அழித்திருக்கிறேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தில்தான் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்ப் பகல் முழுக்க ஓட்டினேன். நாற்றம் போய்விட்டது. வீட்டில் காட்டாமல் இருக்க முடியவில்லை.

“மோந்து பாரு அக்கா. டீசல் மணம் உண்டா?”

“இல்ல மக்கா. நல்லாத்தான் இருக்கு.”

“குடிக்கதுக்கு இல்ல, கேட்டியா.”

“செரி.”

எங்கள் பக்கத்தில் கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை. பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதித்து இளஞ்சிவப்பானால்தான் குடிநீர். அதுவரை கிணறோ குழாயோ, வீட்டுக்குள் வரும் எல்லாத் தண்ணீரும் குடிக்கதுக்கு இல்லாத தண்ணீர்தான். அந்த அடுக்களையில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. அக்கா கேன் தண்ணீரை எடுத்து, குழந்தைக்கு என்பதால் சீவல் போடாமல், நன்றாகக் கொதிக்கவைத்துப் பால்பொடி கலக்கினாள். இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் போதவில்லை.

காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அந்தச் சின்ன மின்னல் அதை நைட்ரேட்டாகவும் நைட்ரைட்டாகவும் தண்ணீரில் கரைத்துவிடும். கொதிக்கவைத்தால் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் அதைத் தாங்காது. அதைச் சோதிக்கும் மருந்து ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருந்தது. நான் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குழந்தையின் உதடும் நகமும் சாம்பல் பூத்த நீலமாகிவிட்டன. ஆட்டோ பிடித்துக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. எந்தத் தண்ணீரில் பால் கலக்கினீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அவரைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவர் ஏற்றச் சொன்ன மருந்து மெத்திலீன் புளூ. நான் நாள்தோறும் அழித்த அதே நீலம். அது குழந்தையின் நரம்புக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது.

“வீட்டில் நீயே சொல்லிவிடு” என்றார் மருத்துவர். தலையாட்டினேன்.

வார்டு வாசலில் அக்காவின் மாமியார் முந்திக்கொண்டார். “பொடி கலக்கத் தெரியாதவ கலக்கினா இப்படியாக்கும் வரும். அவளுக்க கை செரியில்ல.”

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடுமோ, அத்தான் முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணி விழுங்கிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கேனில் மிச்சமிருந்ததைத் தென்னை மூட்டில் கவிழ்த்தேன். என்னைப் போன்ற கோழையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போதும் ஆய்வுக்கூடத்தில் அந்த ஊதா துடிக்கத் தொடங்கினால் முதுகைக் காட்டி நிற்கிறேன்.

போன ஓணத்துக்கு அதியன்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் விளையாடிவிட்டு வந்து தண்ணீர் கேட்டான். அக்கா பானைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நகராமல் என்னைப் பார்த்தாள்.

“எலே, நீ கோரிக் குடு.”

“நீதானே பக்கத்துல நிக்க?”

“சோறு குடுப்பேன் மக்கா. குடிக்கிற வெள்ளமும் பாலும் மட்டும் யாரையாவது விளிச்சுக் குடுக்கச் சொல்லுவேன். ஒருக்க கொல்லப் பாத்த கையாக்கும் இது.”

காய்கறி விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. நான் பானையிலிருந்து தண்ணீர் கோரிக் கொடுத்தேன். பையன் மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டான். மறுபடியும் கோரினேன். அக்கா என் கையை நன்றியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.