கறுப்புக்குப் பின் வெள்ளை: திருப்பூரில் ஒரு குவாண்டம் வேலை

புரியாத ஒன்றை, அது தேவையே இல்லாத ஒருவரிடம், அவருடைய வேலை நேரத்தில் போய் விளக்குவதுதான் என் தொழில். இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கிறவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் என் வலியைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பிய எனக்கு, ஒரு குவாண்டம் கணினி ஆய்வுக் குழு கொடுத்த வேலை இது. திருப்பூர்க்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒரு கம்பெனியையாவது எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யச் சம்மதிக்க வைக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் ஒரு கையெழுத்து வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். என் வேலையும் அதோடு சரி. மகளை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. மறுபடி பெட்டி கட்ட முடியாது.

குளிர்

முதல் கூட்டத்துக்கு பனியன் கம்பெனிக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். நாங்கள் பயன்படுத்தும் கணினியின் சில்லு விண்வெளியைவிடக் குளிரான இடத்தில்தான் வேலை செய்யும் என்று படம் போட்டுக் காட்டினேன். எல்லாரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் வெள்ளகோவில்காரர் ஒருவர் எழுந்தார். துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட் வைத்திருப்பவர். "நாங்க பாய்லர் வெச்சுக் கொதிக்க வெக்கறவங்க. இத்தனை குளிரு நமக்கு ஒத்துக்காதுங்க. அங்க டீ வேற ஆறுது, போலாமுங்களா?"

ஓட்டை

அடுத்து ஒரு கம்பெனியில் தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில், சாப்பாட்டு இடைவேளையில் பேச அனுமதி கிடைத்தது. உள்ளூர் உதாரணம் சொல்வோம் என்று ஒரு பனியனைக் கையில் எடுத்தேன். "நீங்க செக் பண்ற வரைக்கும் இது நல்ல பீஸா ரிஜெக்டாங்கறது தெரியாது. அதுவரைக்கும் ரெண்டுமா இருக்கு. எங்க கணினி கணக்குப் போடற கியூபிட்டும் அப்படித்தான்."

அங்கே செக்கிங் பார்க்கும் சரோஜா அக்கா டிபன் டப்பாவை மூடி வைத்தார். "அதெப்படிங்க சார்? நான் பாத்தாலும் பாக்காட்டியும் ஓட்டை ஓட்டைதானுங்க. அது துணி பின்னற நிட்டிங்லயே விழுந்திருக்குமுங்க." சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

எங்கள் விஞ்ஞானி வித்யாவிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க சொல்றதுதான் சார் சரி. பனியன்ல ஓட்டை முன்னாடியே இருக்கு, கியூபிட்ல பதில் முன்னாடியே இருக்காது, பாக்கறப்பதான் வரும். உங்க உதாரணம்தான் தப்பு. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையே பேசச் சொல்லுங்க."

தலைகீழ்

பிப்ரவரி கடைசியில் ரஹீம் பாய் மட்டும் கதவைத் திறந்தார். சாயப் பட்டறை நடத்துகிறவர். "கையெழுத்தெல்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று ஐந்து கலர்களின் பட்டியலைக் கொடுத்தார். எல்லாம் ஒரே மிஷினில் அடுத்தடுத்து ஓட வேண்டும். ஒரு கலரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மிஷினைக் கழுவ வேண்டும். கழுவும் நேரம் குறைய எந்த வரிசையில் போடலாம் என்பதுதான் கணக்கு.

வித்யா மூன்று வாரம் கழித்து விடையோடு வந்தார். கறுப்பு, நேவி, மெரூன், மஞ்சள், வெள்ளை. டையிங் மாஸ்டர் பழனிச்சாமி தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதைக் கீழருந்து மேல படிக்கோணுமுங்களா?"

"இல்லைங்க மாஸ்டர், மேலருந்துதான்."

அப்போதுதான் எங்கள் தவறு வெளியே வந்தது. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போனாலும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வந்தாலும் கழுவ ஒரே நேரம்தான் ஆகும் என்று நாங்களாகக் கணினிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். வெளிறிய கலருக்குப் பின் அடர்ந்த கலர் என்றால் ஓர் அலசல் போதும். திருப்பிப் போட்டால் கொதிக்கக் கொதிக்கக் கழுவியாக வேண்டும். திருப்பூரில் எந்தப் பட்டறையிலும் இது தெரியாத ஆள் கிடையாது. எங்கள் குழுவில் மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

வித்யாவின் முகம் சிவந்துவிட்டது. பழனிச்சாமி கோபிக்கவில்லை. தாளை மடித்துக் கொடுத்தபடி நிதானமாகச் சொன்னார்: "கறுப்புக்கு அப்புறம் வெள்ளையப் போட்டா வெள்ளை வராதுங்கம்மா. சரக்கு வாங்கற பையர்தான் சண்டைக்கு வருவாரு."

குடோனில் ஒரு மிஷின்

போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வித்யா பழனிச்சாமியின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கலரிலிருந்து எதற்கு மாற எத்தனை நிமிடம் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். ரஹீம் பாய் என்னை மட்டும் ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. இந்தக் கணக்க எம்பட ஆபீஸ் கம்ப்யூட்டர் போடாதா?"

மார்ச் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஒரு பொய் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். "போடும் பாய். இன்னைக்கு எங்களதைவிட வேகமாவே போடும். நாங்க பத்து வருசம் கழிச்சு வரப்போற பெரிய கணக்குக்கு இப்ப பழகிட்டிருக்கோம். இதுல இன்னொரு வருத்தம் வேற. எங்க மிஷின் இங்க வராது. அது எங்கேயோ இருக்கும். நாங்க இன்டர்நெட்ல கணக்க அனுப்புவோம். உங்களுக்குக் காட்டக்கூட எங்ககிட்ட ஒண்ணும் இல்லை."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் குடோனைக் காட்டினார். தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒரு மிஷின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ட்ரையல் பாருங்கள் என்று ஒரு கம்பெனிக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போனதாம். ஓடவும் இல்லை, எடுத்துப்போக ஆளும் வரவில்லை. நாங்களும் அப்படி ஒன்றை இறக்கிவிடுவோம் என்றுதான் மனுஷன் இத்தனை நாளாகப் பயந்திருக்கிறார்.

"மிஷின் இங்க வராதுங்கறத மொத வரியில எழுதுங்க தம்பி. கீழ நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

எழுதினேன், போட்டார். எங்கள் சரக்கு இன்றைக்கு எதற்கும் ஆகாது என்று வாயாலும், உங்கள் இடத்துக்கு வராது என்று எழுத்திலும் உறுதி கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்ட ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.