சிவப்புக் கோழியும் ஏழு பொலியும்

எங்கள் பசு கிணற்றுக்குள் விழுந்து, அயலவர்கள் எல்லாரும் வடம் போட்டுத் தூக்கிய மாரி ஒன்று இருந்தது. அதற்கடுத்த சித்திரையில்தான் இது நடந்தது. பசு இன்னும் இருக்கிறது. கிணற்றைக் கண்டால் மட்டும் சுற்றிப் போகும். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான், ஸ்கந்தபுரத்தில் இருக்கிறான். களத்தில் எருமை சாய்த்துச் சூடு மிதித்து நெல் பிரித்தவன், பிறகு சூடடிக்கிற மிசின் ஓட்டினவன். மற்றவர்கள் மூச்சு விடும் இடத்தில் அவனுக்குத் தூஷணம் வரும். கோபம் ஒன்றும் இல்லை, பழக்கம்.

அவனுடைய பேத்திக்குக் கனடாவில் கலியாணம். முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிகுளம் முகாம் வரைக்கும் அவளைத் தோளில் கொண்டுவந்தவன் அவன். விசா கிடைக்கவில்லை. அறுகரிசி போட்டு வாழ்த்தும் நேரம் மண்டபத்தில் அவனுடைய குரலாவது கேட்க வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டாள். கூடவே, "அம்மப்பா, மாப்பிள்ளையின்ர அம்மா பக்கத்தில நிப்பா. வாயைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றும் சொன்னாள்.

மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு, போனில் குரலைப் பதிய விட்டு, அழகாகத்தான் வாழ்த்தினான். ஆனால் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோழி ஒன்று ஏழுதரம் வந்தது. ஏழுதரமும் வாழ்த்துக்கு நடுவில் கோழிக்குத் தூஷணம் விழுந்தது.

"இன்னொருக்காச் சொல்லன்" என்றேன்.

"வாழ்த்து ஒருக்காத்தான்ரா சொல்லுறது. திருப்பிச் சொன்னா முதல் சொன்னது அழிஞ்சுபோம்."

அவன் அப்படித்தான். ஆகவே வீட்டுக் கொம்பியூட்டரில் கோயில் ஒலிபெருக்கி அறிவித்தல்களைத் திருத்திக் கொடுக்கும் மருமகளிடம் போனைக் கொடுத்தோம். குரல் திரையில் மரம் அரியும் வாளின் பல்லுப் போல ஓடியது. கோழியைக் கலைத்த இடங்களில் பல்லு உயர்ந்து நின்றது. எழுத்து வாசிக்கத் தெரியாத நான் அதை வாசித்தேன். "உந்தா, அடுத்தது வருகுது" என்று விரலை வைப்பேன், அவள் வெட்டுவாள்.

வெட்டிய பிறகு கேட்டால் மச்சானுக்கு விக்கல் வந்தது போல் இருந்தது. அவள் அந்த இடங்களில் 'கூ' என்று ஒரு சத்தம் வைத்தாள். குசினிக்குள் நின்ற மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"என்ர அண்ணன் உதில என்ன சொன்னவர்?"

"கோழியைத்தான் பேசினவன்."

"கோழியை ஆர் இவ்வளவு பேசுவினம்? சம்பந்தி வேற என்னவோ எண்டெல்லே நினைப்பா."

அது உண்மைதான். மூடிய சட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று ஆளாளுக்கு ஒவ்வொன்று நினைப்பார்கள்.

எனக்கு அப்போதுதான் களம் நினைவுக்கு வந்தது. சூடு மிதிக்கும்போது கூடாத சொல் வாயில் வரக்கூடாது, வந்தால் பூதம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். மாடு காலை மிதித்தாலும் 'பொலி' என்றுதான் கத்துவோம். பொலி என்றால் விளைச்சல் பெருகட்டும் என்பது. மச்சான் தன் வாயைக் காத்த ஒரே இடம் அதுதான்.

அவனைக் கூப்பிட்டோம். சைக்கிளில் வந்து, கண்ணை மூடி, எருமைகள் முன்னால் நிற்பது போல ஏழுதரம் "பொலீ" என்றான். பிறகு, "இவ்வளவும் காணுமோ?" என்று கேட்டு ஒரு தூஷணமும் விட்டான். மருமகள் ஒருவரும் சொல்லாமலே அதை வெட்டி, 'கூ' இருந்த ஏழு இடத்திலும் பொலியை வைத்தாள்.

கலியாணத்தன்று பேத்தி மண்டபத்தில் இருந்தே போன் எடுத்தாள். முதல் பொலிக்குச் சனம் ஆளையாள் பார்த்ததாம். இரண்டாவதுக்கு, பின் வரிசையில் இருந்த நம்மூர்க் கிழவர் ஒருவர் எழும்பி, "பொலி, பொலி" என்று பதில் கொடுத்தாராம். ஏழாவதுக்கு முழு மண்டபமும். மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தாவாம். மச்சான் போனைக் காதில் வைத்தபடியே சிவப்புக் கோழிக்கு ஒரு பிடி நெல் எறிந்தான்.

இப்போது பேத்திக்குக் குழந்தை. தொட்டிலில் போடும் முப்பத்தோராம் நாளுக்கும் அம்மப்பாவின் வாழ்த்து வேண்டும், போன முறை போலப் பொலியோடு வேண்டும் என்று சம்பந்தியே கேட்டிருக்கிறா. மச்சான் பெருமைப்பட்டு, கோழியை அடைத்துவிட்டு, ஒரு தூஷணமும் இல்லாமல் சொல்லி அனுப்பியிருக்கிறான். கேட்டால் அரசாங்கக் கச்சேரியில் விண்ணப்பம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. மருமகளும் கையை விரித்துவிட்டாள்.

"மாமா, வெட்ட ஒண்டும் இல்லையே. பொலியை நான் எங்க வைக்கிறது?"

திருப்பிச் சொல்லி முதல் சொன்னது அழிந்தாலும் இந்த முறை நட்டமில்லை. நீங்கள் ஸ்கந்தபுரப் பக்கம் போனால் அவனிடம் சொல்லிவிடுங்கள்: பாயில் நெல்லைப் பரப்பட்டாம், கோழியைத் திறந்துவிடட்டாம்.